சீனப் பெருஞ்சுவர்: கடைசியில் அது யாரைத்தான் தடுத்தது?

வழிப்போக்கன்

போன மாதம் வேலை விஷயமாக பெய்ஜிங் போயிருந்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சும்மா கிடைத்தது. பாதாலிங் பக்கம் போனால் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வாய் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னதால், இன்னும் தள்ளி, சுவரின் ஜின்ஷான்லிங் பகுதிக்குப் போனேன். மூட்டு இரண்டும் போய்விட்டது, அது வேறு கதை.

அங்கே இரண்டு விஷயம் மனதில் சிக்கிக்கொண்டது. ஒன்று, செங்கல்லில் முத்திரை. வழிகாட்டிப் பெண் ஒரு கல்லைத் தடவிக் காட்டிப் படித்தாள்: வான்லி ஐந்தாம் ஆண்டு, ஷாண்டாங் இடது முகாம் செய்தது. வான்லி என்பது ஒரு மிங் பேரரசரின் ஆட்சிப் பெயர், அதன் ஐந்தாம் ஆண்டு என்றால் 1577. அதே பெண்தான் ஏறும்போது "இரண்டாயிரம் வருஷத்துச் சுவர், சின் ஷி ஹுவாங் கட்டியது" என்று சொல்லியிருந்தாள். சின் ஷி ஹுவாங் சீனாவின் முதல் பேரரசர், கி.மு. காலத்து ஆள். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

இரண்டாவது, கோபுரத்துக்கு ஏறும் படிகளில் குறுக்கே குறுக்கே சுவர்கள். ஒவ்வொன்றிலும் அம்பு விட ஓட்டை. படியில் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, ஒதுங்கி ஒதுங்கித்தான் மேலே போக முடியும். எதற்கு என்று விசாரித்தால், எதிரி சுவர் மேலே ஏறிவிட்ட பிறகும் படிப்படியாகப் பின்வாங்கிச் சண்டை போடுவதற்காம். அதாவது, கட்டியவனுக்கே எதிரி ஏறிவிடுவான் என்று தெரிந்திருக்கிறது!

எனக்கு வந்த சந்தேகம் இதுதான். செங்கிஸ் கான் வந்தான். வடகிழக்கே இருந்து மஞ்சுக்கள் வந்து 1644இல் பெய்ஜிங்கையே பிடித்துவிட்டார்கள். இத்தனை பேர் செத்து, இத்தனை காசைக் கொட்டி எழுப்பிய சுவர் யாரைத்தான் தடுத்தது?

நேர்பேச்சு

யாரையும் தடுக்கவில்லை. ராஜாக்களின் வெட்டிச் செலவு. உலகத்திலேயே பெரிய கல்லறை அது, செத்தவர்களை உள்ளேயே வைத்துப் பூசினார்கள். ஒரே லாபம், நிலாவில் இருந்து பார்த்தால் தெரியும் என்று பெருமையடிக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய்

நேர்பேச்சு அண்ணே, ஒரே மூச்சில் மூன்று பொய். உங்கள் பொய் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்ததுதான்.

நிலா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1932இல் ரிப்ளி என்ற அமெரிக்கர் தன் பத்திரிகைத் துணுக்கில் நிலாவிலிருந்து தெரியும் என்று போட்டார், அப்போது மனிதன் ஆகாயத்தைத் தாண்டியதே கிடையாது. இதே மாதிரி பேச்சு 1754இல் ஓர் ஆங்கிலேயர் கடிதத்திலேயே வருகிறது. சுவரின் அகலம் நல்ல இடத்தில் ஐந்தாறு மீட்டர், நிறமும் பக்கத்து மண்ணின் நிறம். 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் இறங்கி வந்து "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னதும் அவர்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தையே திருத்த வேண்டியதாயிற்று. எலும்புகளும் அப்படித்தான். வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது உண்மை. ஆனால் சுவருக்குள் பிணத்தை வைத்துக் கட்டியதாக ஒரு தடயமும் கிடைத்ததில்லை. அப்படிக் கட்டினால் பிணம் மக்கியதும் அந்த இடம் உள்வாங்கிவிடும், எந்த மேஸ்திரி ஒத்துக்கொள்வார்?

இப்போது வழிப்போக்கன் கேள்வி. அந்தப் பெண் சொன்னதும் சரி, செங்கல் சொல்வதும் சரி, சிக்கல் எங்கே என்றால் "சுவர்" என்று ஒருமையில் பேசுவதில்தான். சின் ஷி ஹுவாங்குக்கு முன்பே சூ, சீ, யென், ஜாவ் என்று தனித்தனி அரசுகள் ஆளுக்கொரு சுவர் வைத்திருந்தன, பாதி சுவர்கள் அடுத்த சீன அரசைத் தடுக்கத்தான். கி.மு. 221இல் சின் எல்லோரையும் விழுங்கியதும் உள்நாட்டுச் சுவர்களை இடித்துத் தள்ளிவிட்டு, வடக்கே இருந்ததை மட்டும் இணைக்கச் சொல்லி, கி.மு. 215இல் மெங் தியான் என்ற தளபதியை 3 லட்சம் பேரோடு அனுப்பினார். எதிரி ஷியோங்நு என்ற குதிரைக்காரக் கூட்டம். லின்தாவ் முதல் லியாவ்தோங் வரை பத்தாயிரம் லீ நீளம் என்று சிமா சியான் என்ற பழைய சீன வரலாற்றாசிரியர் எழுதுகிறார், ஒரு லீ நம் கணக்கில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்.

மெங் தியான் முடிவு பரிதாபம். ராஜா செத்ததும் அரண்மனைச் சதியில் அவரை விஷம் குடிக்கச் சொல்லிவிட்டார்கள். சாகும் முன் அவர், இவ்வளவு தூரம் மண்ணை வெட்டியதில் எங்கேயோ பூமியின் நரம்பை அறுத்திருப்பேன், அதுதான் என் குற்றம் என்றாராம். அந்தச் சுவரை நேரில் போய்ப் பார்த்த சிமா சியான் விடவில்லை. பூமி நரம்பாவது ஒன்றாவது, போரில் நொந்து கிடந்த ஜனங்களின் உழைப்பை மலிவாக நினைத்ததுதான் உன் குற்றம் என்று முகத்திலடித்த மாதிரி எழுதி வைத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே உங்கள் கட்சியில் ஆள் இருந்திருக்கிறார் நேர்பேச்சு அண்ணே.

அந்தச் சின் சுவரில் செங்கல்லே கிடையாது. மண்ணும், மலைப்பக்கம் அடுக்கிய கல்லும்தான். இன்று பெரும்பாலும் மண் மேடாகக் கிடக்கிறது. படங்களில் வருகிற சுவர் முழுக்க மிங் வம்சத்துடையது, அதிலும் செங்கல் கட்டுமானம் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டு. நடுவில் 1,700 வருஷத்துக்கும் மேல் இடைவெளி.

கொத்தனார் மகன்

மண் சுவர் என்றதும் ஏதோ குடிசைச் சுவர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அப்பா கூட சாரத்தில் ஏறி இறங்கியவன் என்பதால் சொல்கிறேன். அவர்கள் செய்தது இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடி இடியென்று இடித்து, நாலு விரல்கடை கெட்டியானதும் அடுத்த வரி. கடைசியில் பலகையைக் கழற்றி மேலே ஏற்றிக்கொள்ள வேண்டியது. நம் ஆட்கள் வீட்டுக்குள் தரை போடுவதற்கு முன் மண்ணைக் கெட்டிப்பார்களே, அதே வேலைதான், ஆனால் மலை மலையாக. செங்கல் சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வண்டி வேண்டாம், காலடியில் இருக்கும் மண் போதும். ஆள் மட்டும் வேண்டும். அதுதான் ராஜாக்களிடம் இலவசமாக இருந்ததே.

பாலைவனப் பக்கம் அதுவும் முடியாது, வெறும் சரளை. துன்ஹுவாங் பக்கத்தில், சின்னுக்கு அடுத்து வந்த ஹான் வம்சத்தார் நாணல் கட்டுகளை ஒரு வரி பரப்பி, அதன் மேல் சரளையும் மண்ணும் ஒரு வரி, மறுபடி நாணல் என்று அடுக்கினார்கள். அந்த உவர் மண்ணில் உப்பு இறுகி எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது. மழை இல்லாத ஊர் வேறு. இரண்டாயிரம் வருஷத்து நாணல் இன்னும் நீட்டிக்கொண்டு தெரிகிறது. நான் படத்தில்தான் பார்த்தேன், ஆனாலும் அந்தக் கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

மிங் காலத்துக்கு வந்தால் சாந்து. சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள்! ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் பழைய சாந்தைச் சோதித்து, 2010இல் அறிக்கை வந்தது. அந்த அரிசியில் இருக்கும் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து, சுண்ணாம்பு இறுகும்போது அதன் பொடி பெரிசாக வளராமல் நெருக்கமாகப் பிடித்து வைக்குமாம். நம் பக்கம் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் ஊற்றி அரைத்தார்கள் இல்லையா, தாத்தா காலத்து மச்சு வீடு அப்படித்தான். ஆளாளுக்கு வீட்டில் எது இருந்ததோ அது.

நேர்பேச்சு

சரி, பிணமும் இல்லை, நிலாவும் இல்லை, ஒத்துக்கொண்டேன். கட்டுமானம் அருமை, அதையும் ஒத்துக்கொண்டேன். ஆனால் வழிப்போக்கன் கேட்டது அது இல்லையே. கஞ்சி ஊற்றிக் கட்டினால் எதிரி வரமாட்டானா?

ஏட்டுச்சுரைக்காய்

வருவான். வருகிறான் என்று முன்கூட்டியே தெரியும். வித்தியாசம் அங்கேதான்.

கோட்டை மதில் மாதிரி நினைத்துப் பார்த்தால் இந்தச் சுவர் புரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மதிலில் தோளோடு தோள் ஆள் நிறுத்த எந்த ராஜாவாலும் முடியாது. நாலு பேர் ஏணி வைத்து ஏறினால் ஏறிவிடலாம். ஆனால் குதிரை ஏறாது! புல்வெளிக்காரன் பலமே குதிரைதான். திடீரென்று வந்து, ஊரைச் சூறையாடி, ஆட்டையும் தானியத்தையும் வாரிக்கொண்டு காற்றாகப் போய்விடுவது. குதிரையை விட்டுவிட்டு ஏறினால் அவன் வெறும் ஆள். சுவரை இடித்து வழி உண்டாக்கினால் நேரம் ஆகும், அதற்குள் தகவல் போய்விடும். கொள்ளையடித்துக்கொண்டு திரும்பும்போது மந்தையோடு அதே ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும்.

தகவல் எப்படிப் போகும் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. மேற்கே, ஜூயன் பக்கம் ஹான் காலத்துக் காவல் கோபுர இடிபாடுகளில் 1930இல் சுமார் பத்தாயிரம் மரச்சீவல்கள் கிடைத்தன. 1970களில் இன்னும் இருபதாயிரம். எல்லாம் முகாம் கணக்குவழக்கு, மையில் எழுதியது. யாருக்கு எவ்வளவு தானியம் அளந்தோம், யாருக்கு உடம்பு சரியில்லை, வில் எத்தனை, அதில் உடைந்தது எத்தனை. இவர்கள் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை நிலத்தில் மணலைப் பரப்பி வாரி மட்டமாக்கி வைப்பார்கள். தினமும் காலையில் ஒருவன் அதன் ஓரமாகவே நடந்து காலடியோ குளம்படியோ பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, மனிதரோ குதிரையோ கடந்த தடம் இல்லை என்று சீவலில் எழுத வேண்டும். மறுநாளும் அதே. மறு வருஷமும் அதே. வாரிய மணலைப் பார்த்துக்கொண்டே வயதாகிப்போனவர்கள் எத்தனை பேரோ. ஒன்றைக் கவனித்தீர்களா, அந்த மணல் வெளியே இருந்து வருபவனை மட்டும் காட்டிக்கொடுக்காது, உள்ளே இருந்து ஓடிப்போகிறவனையும் காட்டிக்கொடுக்கும்.

எதிரி தெரிந்தால் பகலில் புகை, இரவில் தீ. 1907இல் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியல் ஆய்வாளர் துன்ஹுவாங் பக்கம் தோண்டிக்கொண்டு போனபோது, கொளுத்துவதற்கென்று கட்டி அடுக்கிய நாணல் குவியல்கள் கோபுரங்களுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தன. கொளுத்த வேண்டிய வேளை வராமலே இரண்டாயிரம் வருஷம். சீன மொழியில் இந்தப் புகைக்கு ஓநாய்ப் புகை என்று ஒரு பெயர் உண்டு. ஓநாய்ச் சாணத்தை எரித்தால் புகை நேராக எழும் என்பார்கள். எவன் போய் அவ்வளவு ஓநாய்ச் சாணம் பொறுக்குவான்? எரித்துப் பார்த்தவர்கள் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மிங் காலத்தில் இதோடு வெடியும் சேர்ந்துகொண்டது. நூறு பேர்வரை வந்தால் ஒரு புகை ஒரு வெடி, ஐந்நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மேல் மூன்று, ஐயாயிரத்துக்கு மேல் நான்கு, பத்தாயிரத்துக்கு மேல் ஐந்து என்று சட்டமே போட்டிருந்தார்கள்.

காலித்துறை

நல்ல இழை. நான் இலங்கையில் இருந்து. ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறன்.

எங்கட கொழும்பு அருங்காட்சியகத்தில ஒரு கல்வெட்டு இருக்கு, 1911இல காலியில கிடைச்சது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கப்பலில கொண்டு வந்தது, 1409 திகதி போட்டிருக்கு. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்லுது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு. அதை அனுப்பினது மிங் வம்சத்து யோங்லே பேரரசர். இதே யோங்லேதான் தலைநகரை நான்ஜிங்கில இருந்து பெய்ஜிங்குக்கு மாத்தினவர், 1421இல. சுவர்க் கதைக்கு அது முக்கியம் எண்டு நினைக்கிறன். நான்ஜிங் தெற்கே எங்கேயோ பத்திரமாக இருந்த ஊர். பெய்ஜிங் எண்டால் மலையைத் தாண்டினால் மங்கோலியர். குதிரையில இரண்டு மூன்று நாள். வீட்டைக் கொண்டுபோய் வேலி ஓரத்தில கட்டினால் பிறகு வேலியைப் பலப்படுத்தத்தானே வேணும்?

ஏட்டுச்சுரைக்காய்

காலித்துறை, அருமை! எனக்கு இந்த முடிச்சு தோன்றவே இல்லை. கூடவே இன்னொன்று: யோங்லே தானே ஐந்து தடவை படை திரட்டிக்கொண்டு புல்வெளிக்குள் போனவர், அவருக்குச் சுவர் தேவைப்படவில்லை. ஆனால் அதே மனிதர்தான் மலைக்கு அப்பால் இருந்த முன்னணி முகாம்களில் சிலவற்றைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு வந்தவர்களுக்கு அவர் தைரியமும் இல்லை, அந்த முகாம்களும் இல்லை.

1449இல் யிங்சோங் என்ற இளம் பேரரசர், வாங் ஜென் என்ற அரண்மனை அலியின் பேச்சைக் கேட்டு, தானும் யோங்லே மாதிரி என்று நினைத்துக்கொண்டு படையோடு கிளம்பினார். 5 லட்சம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள், அதில் பாதி என்றாலும் கூட்டம்தான். ஓயிராத் மங்கோலியத் தலைவன் எசென், தூமு என்ற இடத்தில், தண்ணீர் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது சுற்றி வளைத்துவிட்டான். பேரரசரையே உயிரோடு பிடித்துக்கொண்டு போய்விட்டான்! யூ ச்சியன் என்ற மந்திரி மட்டும் கலங்காமல், தம்பியைச் சிம்மாசனத்தில் ஏற்றி, உன் கையில் இருப்பது பழைய ராஜா, விலை கிடையாது என்று சொல்லி, பெய்ஜிங் மதிலைக் காத்தார். எசெனுக்கு அந்தப் பேரரசரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாமல் அடுத்த வருஷம் திருப்பி அனுப்பினான். அவர் 1457இல் மறுபடி சிம்மாசனம் ஏறியதும் செய்த முதல் வேலை, யூ ச்சியனின் தலையை எடுத்ததுதான்.

அதற்குப் பிறகுதான் சுவர்ப் பைத்தியம் பிடிக்கிறது. ஓர்தோஸ் என்ற, மஞ்சள் ஆறு வளைந்து போகும் புல்வெளியை மீட்கலாமா என்று அரசவையில் வருஷக்கணக்காக வாய்ச்சண்டை. படை எடுக்கப் பணம் இல்லை, விட்டுக்கொடுக்க மனம் இல்லை. கடைசியில் யூ ஜிஜூன் என்ற அதிகாரி, 1474இல் 40,000 ஆட்களை வைத்து மூன்றே மாதத்தில் 1,770 லீ நீளச் சுவர் எழுப்பினார். 1482இல் கொள்ளைக்கு வந்த மங்கோலியக் கூட்டம் ஒன்று உள்ளே வந்துவிட்டு வெளியேற வழி தெரியாமல் சுவருக்கும் அகழிக்கும் நடுவே மாட்டிச் செத்தது. வழிப்போக்கன், நீங்கள் கேட்டதற்கு ஒரு நேரான பதில் அது. அங்கே தடுத்தது. ஆனால் அங்கே அடைத்ததும் அவர்கள் கிழக்கே நகர்ந்தார்கள். அப்புறம் கிழக்கே கட்டினார்கள். இப்படியே கடல்வரை.

நிலாமதி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ராஜா, தளபதி, மந்திரி என்றே போகிறதே. சீனத்தில் அந்தச் சுவர் என்றதும் ஊர்ஜனங்களுக்கு முதலில் நினைவு வருவது மெங் ஜியாங் என்ற பெண். கல்யாணமான கையோடு புருஷனைச் சுவர் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். குளிருக்குத் துணி தைத்து எடுத்துக்கொண்டு அவள் நடந்தே போகிறாள். போனால் அவன் செத்துப்போய்விட்டான். அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுந்து எலும்பு தெரிகிறது. நேர்பேச்சு சொன்ன பிணக் கதைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1920களில் கு ஜிகாங் என்ற அறிஞர் இந்தக் கதையைத் தோண்டிக்கொண்டே போனார். முதல் வடிவம் கி.மு. 550இல் நடந்ததாக வருகிறது, சின் ஷி ஹுவாங்குக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால்! அதில் சுவரே இல்லை. போரில் செத்த ச்சி லியாங் என்பவனின் மனைவி, நடுத்தெருவில் துக்கம் விசாரிக்க வந்த அரசனிடம், முறைப்படி வீட்டுக்கு வந்து விசாரி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். அவ்வளவுதான். ராஜாவுக்கே மரியாதை கற்றுக்கொடுத்த மனுஷி. நூற்றாண்டுகள் போகப் போக அவளை அழவைத்து, ஊர் மதிலை இடியவைத்து, கடைசியில் பெருஞ்சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எந்தக் காலத்தில் எந்த அரசன் ஆள் பிடித்தானோ, அந்தக் காலத்தில் அழுகை இன்னும் பெரிதாகியிருக்கும். கி.பி. 555இல் வட சீ அரசு 18 லட்சம் பேரைச் சுவர் வேலைக்கு விரட்டியதாகக் குறிப்பு இருக்கிறது. எத்தனை வீட்டில் துணி தைத்தார்களோ.

நேர்பேச்சு

நிலாமதி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 18 லட்சம் பேரை வைத்து நெல் விளைவித்திருக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய், ஒரே ஒரு கேள்வி. அந்த மங்கோலியர்கள் ஏன் வந்தார்கள்? பொழுது போகாமலா?

ஏட்டுச்சுரைக்காய்

இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சட்டிக்காக.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புல்வெளியில் குதிரை, ஆடு, தோல், கம்பளி எல்லாம் உண்டு. தானியம், துணி, சமைக்கிற சட்டி ஆகியவற்றைத் தெற்கே இருந்துதான் வாங்க வேண்டும். சட்டி உடைந்தால் கறியை எதில் வேகவைப்பது? மிங் அரசவையோ, சட்டியை உருக்கி அம்பு முனை செய்வான், கொடுக்கக்கூடாது என்று தடை. 1540களில் அல்தான் கான் என்ற தலைவன் சந்தை திறங்கள், குதிரை தருகிறேன், சண்டை வேண்டாம் என்று திரும்பத் திரும்பத் தூது அனுப்பினான். தூதர்களைக் கொன்றார்கள். ஒருமுறை இல்லை, பலமுறை. 1550இல் பொறுமை போய் நேராகப் பெய்ஜிங் வாசலுக்கே வந்து புறநகரைக் கொளுத்தினான். அப்போது நடந்த கூத்து: மேற்கே தாதோங்கில் காவல் இருந்த ச்சியூ லுவான் என்ற தளபதி, என் பக்கம் வராதே, கிழக்கே போ என்று அவனுக்குப் பணம் கொடுத்திருக்கிறான்! அவனும் கிழக்கே நகர்ந்து கூபெய்கோ மலைவாசல் வழியாக நுழைந்தான். சுவர் என்ன செய்யும், காவல்காரனே வழி சொன்னால்?

பிறகுதான் நீங்கள் பார்த்த சுவர் வருகிறது வழிப்போக்கன். 1568இல் ச்சி ஜிகுவாங் என்ற தளபதி வருகிறார், தெற்கே கடற்கொள்ளையரை அடக்கியவர். வந்து பார்த்தால் வடக்குச் சிப்பாய்கள் மகா சோம்பேறிகள். ஜெஜியாங்கில் இருந்து தன் பழைய ஆட்கள் 3,000 பேரை வரவழைத்தார். அவர்கள் வந்து வரிசையில் நின்ற அன்று கொட்டு கொட்டென்று மழை. உத்தரவு வராததால் காலையில் இருந்து சாயங்காலம்வரை ஒருவரும் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வடக்கத்திக்காரர்களுக்கு அன்றுதான் ராணுவ ஒழுங்கு என்றால் என்ன என்று தெரிந்ததாம். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 1,200 கோபுரங்கள். உள்ளே அறை, தானியம், வெடிமருந்து. அதற்கு முன் சிப்பாய் வெட்டவெளியில் நின்று பனியில் விறைத்தான், இப்போது தலைக்கு மேல் கூரை. அந்த ஆட்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை, சுவர் அடியிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். ஹெபெய்யில் தோங்ஜியாகோ மாதிரி சில ஊர்களில் வம்சாவளி இன்றும் இருக்கிறது, கோபுரத்துக்குக் குடும்பப் பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே சண்டை முடிந்துவிட்டது. 1570இல் அல்தான் கானின் பேரன் ஒரு பெண் விஷயத்தில் தாத்தாவோடு கோபித்துக்கொண்டு, மிங் பக்கம் வந்து சரணடைந்தான். வாங் சோங்கூ என்ற அதிகாரி சமர்த்தர். பையனைப் பத்திரமாக வைத்துப் பேச்சுவார்த்தை நடத்தி, 1571இல் சமாதானம். அல்தானுக்கு ஒரு பட்டம், எல்லையில் வருஷாந்திரக் குதிரைச் சந்தை. துணி போயிற்று, தானியம் போயிற்று, குதிரை வந்தது. சட்டிக்கும் ஒரு வழி கண்டார்கள்: உருக்கினால் ஆயுதத்துக்கு லாயக்குப்படாத மட்ட இரும்புச் சட்டி, அதுவும் பழசைக் கொடுத்தால்தான் புதுசு. அந்த மேற்கு எல்லையில் அப்புறம் பல பத்து வருஷம் பெரிய சண்டை கிடையாது. 1577 என்று முத்திரை குத்தின உங்கள் செங்கல், சமாதானம் வந்து ஆறு வருஷம் கழித்துச் சுட்டது.

வழிப்போக்கன்

அடப்பாவமே. அந்தச் செங்கல்லைத் தடவிப் பார்த்துச் சிலிர்த்துப்போய் நின்றேன்.

அப்படியானால் 1644? கதவைத் திறந்துவிட்டதால்தானே மஞ்சுக்கள் வந்தார்கள்? சுவர் தோற்கவில்லை, ஆள்தான் தோற்றான் என்று சொல்லலாமா?

கொத்தனார் மகன்

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ஷான்ஹாய்குவான் வாசலை மிங் தளபதி வூ சாங்குய் திறந்துவிட்டான், துரோகி என்று.

ஏட்டுச்சுரைக்காய்

பாதிதான் உண்மை. மஞ்சுக்கள் அதற்கு முன்பே பல தடவை சுவரைத் தாண்டி வந்து போனவர்கள். 1629இல் மஞ்சு அரசர் ஹோங் தாய்ஜி, ஷான்ஹாய்குவான் பக்கமே தலை வைக்காமல், மங்கோலியர் நிலம் வழியாக மேற்கே சுற்றி, காவல் குறைந்த இடத்தில் உடைத்துக்கொண்டு பெய்ஜிங்வரை வந்தார். 1630களிலும் 1642இலும் மறுபடி மறுபடி. ஆனால் வந்தார்கள், வாரினார்கள், போனார்கள். தங்க முடியவில்லை. பின்னால் கடலோர வாசலில் மிங் படை உட்கார்ந்திருக்கும்வரை சாப்பாடும் ஆளும் வரும் நேர்வழி அடைபட்டே இருந்தது. அந்த அளவுக்குச் சுவர் வேலை செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1644இல் மிங் பேரரசரை வீழ்த்தியது மஞ்சு இல்லை. லி சிசெங் என்ற கலகக்காரன், ஒரு காலத்தில் அரசாங்கத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். செலவைக் குறைக்கிறோம் என்று நிலையங்களை மூடியதில் அவன் வேலையும் போயிற்று. மிச்சம் பிடித்த காசு எவ்வளவோ, கடைசியில் கொடுத்த விலை ராஜ்யம். அவன் மேற்கே இருந்து வந்தபோது தாதோங் பணிந்தது, ஷுவான்பூ பணிந்தது, பெய்ஜிங்குக்குப் பக்கத்து மலைவாசலான ஜூயோங்குவானும் சண்டையில்லாமல் கதவைத் திறந்தது. சோங்ஜென் பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டார். கிழக்கே தனியாக நின்ற வூ சாங்குய்க்கு ஒரு பக்கம் லி, இன்னொரு பக்கம் மஞ்சு இளவரசர் தோர்கோன். மே மாதக் கடைசியில் தோர்கோனுக்குக் கதவு திறந்தது. ஒரே வசந்தத்தில் சுவரின் இரண்டு வாசல் உள்ளே இருந்தே திறந்திருக்கிறது, நாம் ஒன்றைத்தான் நினைவு வைத்திருக்கிறோம்.

நிலாமதி

பிறகு மஞ்சுக்கள் அந்தச் சுவரை என்ன செய்தார்கள்?

ஏட்டுச்சுரைக்காய்

ஒன்றும் செய்யவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் அவர்கள் ராஜ்யம்தானே. 1691இல் கூபெய்கோ தளபதி ஒருவர் சுவர் பழுதாகிவிட்டது, பூசக் காசு கொடுங்கள் என்று எழுதினார். காங்ஷி பேரரசர் மறுத்துவிட்டார். சின் காலம் தொட்டுக் கட்டிப் பூசிக்கொண்டுதானே இருந்தார்கள், எல்லையில் தொல்லை இல்லாமலா போயிற்று, ஜனங்கள் சந்தோஷமாக இருந்தால் எல்லை தானாகக் கெட்டியாகும் என்று பதில். சுவரைத் தாண்டி வந்த வம்சம் சொன்ன பதில் என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சுக்களின் இதே சிங் வம்சம்தான் தங்கள் மஞ்சூரிய நிலத்துக்குள் வெளியார் நுழையாமல் இருக்க வில்லோ மரங்களை நட்டு நீளமான வேலி போட்டது!

கொத்தனார் மகன்

அதற்கு அப்புறம் சுவரைத் தின்றது நம்ம மாதிரி ஆட்கள்தான். கேட்பாரில்லாத செங்கல் கிடந்தால் யார் விடுவார்கள்? 1960, 70களில் வீடு, பன்றித் தொழுவம், தடுப்பணை எல்லாம் அந்தக் கல்லில் எழும்பின. 2006இல்தான் தனிச் சட்டம் வந்தது. 2023இல்கூட ஷான்ஷி மாகாணத்து யோயூ பக்கம் இரண்டு பேர், வண்டி சுற்றிப் போகிறது என்று பொக்லைனை விட்டு மண் சுவரில் வழி வெட்டி, போலீஸில் மாட்டினார்கள். எசென் தொட்டு எல்லோரும் தேடின குறுக்குவழி.

பழுது பார்க்கிறேன் என்று கெடுத்ததும் உண்டு. லியாவ்நிங்கில் சுயிசோங் பக்கம் இடிந்த சுவர் மேல் வழவழவென்று காரை பூசி, சைக்கிள் ஓட்டலாம் போல ஆக்கிவிட்டார்கள். 2016இல் படம் வெளியாகி நாடே திட்டியது. எங்கப்பா பார்த்திருந்தால் திமிசுக்கட்டையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

காலித்துறை

நீளம் எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ஒரு இடத்தில 8,850 எண்டு போட்டிருக்கு, இன்னொரு இடத்தில 21,000 கிலோமீட்டர்.

ஏட்டுச்சுரைக்காய்

இரண்டும் சரி. 2009 அளவையில் மிங் காலத்து எல்லை மட்டும் சுமார் 8,850 கி.மீ. அதில் கட்டிய சுவர் 6,260 போல, மிச்சம் அகழியும், மலை, ஆறு என்று இயற்கை கொடுத்த தடுப்பும். 2012இல் எல்லா வம்சத்தையும் கூட்டி 21,196 என்றார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று நான்கு வரிசை ஓடும் இடங்களில் எல்லாமே கணக்கில் சேரும்.

இன்னொன்று, மிங் ஆட்கள் இதைப் பெரும்பாலும், இன்றைய சீனப் பெயரான நெடுஞ்சுவர் என்றே சொல்லவில்லை. அந்தப் பெயரில் சின் ஷி ஹுவாங் வாடை அடித்தது. எல்லைச் சுவர் என்றார்கள், ஒன்பது எல்லை முகாம்கள் என்றார்கள். ஒரே சுவர், ஒரே பெயர், இரண்டாயிரம் வருஷம் என்ற சித்திரம் கெட்டிப்பட்டது, மேலை நாட்டார் வந்து வாய் பிளந்த பிறகு.

நேர்பேச்சு

நான் சொன்னதில் ஒன்றை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். யாரையும் தடுக்கவில்லை என்றேன், 1482 கூட்டத்தைத் தடுத்திருக்கிறது. மற்றபடி சந்தையைத் திறந்திருந்தால் பாதிச் செங்கல் மிச்சம். வழிப்போக்கன், டிசம்பரில் தம்பி அங்கே போகிறான். ஜின்ஷான்லிங் போகலாமா, குளிர் தாங்குமா?

வழிப்போக்கன்

தாராளமாகப் போகட்டும். நான் போனபோதே கோபுரத்துச் சன்னல் வழியாகக் காற்று கன்னத்தில் அறைந்தது, டிசம்பரில் கேட்க வேண்டாம். காது மூடுகிற குல்லாய், கையுறை, வழுக்காத செருப்பு கட்டாயம். ஏறுவதற்குக் கம்பிவண்டி இருக்கிறது, வீறாப்பு பார்க்காமல் அதில் ஏறச் சொல்லுங்கள். மேலே போனதும் படியில் அந்தக் குறுக்குச் சுவர் ஒன்றின் பின்னால் குந்தி, ஓட்டை வழியாகக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஏறி வருகிறவனின் தலை சரியாக அந்தச் சதுரத்துக்குள் வந்து நிற்கும். எனக்கு அன்று தெரிந்தது ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஏறி வந்த ஒரு தாத்தா.

கோபுரம் ஒன்றில் சுவரோரமாகக் காற்றுப் படாத ஒரு மூலை இருந்தது, பத்து நிமிஷம் அங்கேதான் உட்கார்ந்தேன். ஜெஜியாங்கில் நெல் வயல் பக்கம் பிறந்து இந்தப் பனிக்கு வந்து சேர்ந்தவர்களும் அதே மூலையைத்தான் பிடித்திருப்பார்கள்.